கல்லு சுற்றினால் விக்கெட் விழாது

நம்ம டீம் கடல் தாண்டி விளையாடப் போன அந்த வருஷம், காரப்பாளையம் பிரிவில் மயிலாத்தாளின் கிரைண்டர் ஓடுகிற வரைக்கும் அங்கே நம்ம பக்கம் ஒரு விக்கெட்டும் விழவில்லை. ஆடியில் காற்றடிக்கிறது, மார்கழியில் குளிர்கிறது, மயிலாத்தாள் மாவாட்டினால் விக்கெட் விழுவதில்லை என்று எங்கள் ஊர் இரண்டே நாளில் இதற்குப் பழகிக்கொண்டது. பழக முடியாமல் வயிறெரிந்தவன் நான் ஒருவன்தான், ஏனென்றால் ஊரெல்லாம் இட்லி சும்மா கிடைக்கும்போது என் கடைத் தேங்காய் பன்னை யார் வாங்குவார்கள்?

பிரிவு என்றால் பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குள் ஒரு சின்ன ரோடு பிரிகிற இடம். அப்படிப் பிரிகிற இடத்தில் ஒரு பேக்கரி இருந்தே தீர வேண்டும் என்பது எங்கள் கொங்குப் பக்கத்து விதி, அந்தப் பேக்கரி என்னுடையது. அதே வரிசையில் அடுத்தது குமரகுருவின் தையல் கடை, அதற்கடுத்தது மயிலாத்தாளின் மாவுக் கடை. டிவி என் கடையில் ஓடும், கிரைண்டர் அவள் கடையில் ஓடும், இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு காதால் இதையும் ஒரு காதால் அதையும் கேட்டுக்கொண்டே காஜா எடுக்கிறவர் குமரகுரு என்பதால், விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

டீம் போயிருந்த நாட்டின் பெயரை எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அத்தனை வருஷத்தில் ஒரு தொடரைக்கூட நாம் அங்கே ஜெயித்ததில்லை என்பதால் அந்தப் பெயரைச் சொன்னால் சோறு இறங்காது, "அங்க" என்று கையை நீட்டினால் போதும். அங்கே பொழுது விடிந்து வெகுநேரம் ஆன பிறகுதான் இங்கே கோழி கூவும். ஆட்டம் எங்களுக்குக் காலை ஐந்து மணிக்குத் தொடங்கிப் பகல் பன்னிரண்டரைக்கு முடியும். மயிலாத்தாள் மாவாட்டுகிற நேரமும் அதுதான்.

மூன்று டெஸ்ட். ஆட்டத்தைத் தொடங்குகிறவன் இன்பராஜ், உடன்குடிக்காரன். எட்டு வருஷமாக டீமுக்குள் வருவதும் போவதுமாக இருந்தவன். இரண்டு ஆட்டம் ஆடுவான், தூக்கிவிடுவார்கள். யாருக்காவது கால் சுளுக்கினால் மறுபடி கூப்பிடுவார்கள். வந்து பேர் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறவன் என்பதால் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அட்டெண்டன்ஸ் இன்பராஜ். இந்தப் பயணம்தான் அவனுக்குக் கடைசி, இதிலும் சொதப்பினால் இனி கருப்பட்டி யாவாரத்துக்குத்தான் போகணும் என்று பேப்பரில் எழுதாதவர்கள் இல்லை.

முதல் டெஸ்ட்டின் இரண்டாம் நாள் மயிலாத்தாளுக்கு ஒரு கல்யாண ஆர்டர் இருந்தது. காலை ஐந்திலிருந்து கல் சுற்றியது, சுற்றிய நேரமெல்லாம் நம்ம ஆட்கள் நின்றார்கள், மாவை வழிக்க அவள் நிறுத்திய ஒவ்வொரு தடவையும் ஒருவன் அவுட்டாகிக் கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்தான். குமரகுரு தையல் சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஆறாவது கோடு போட்டதும் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் கடைக்கு வந்தார்.

"ஏனுங், அந்தக்கா கல்ல நிறுத்துனா இங்க ஒருத்தன் காலி. பாத்தீங்ளா?"

"காஜா எடுக்கறத உட்டுப்போட்டு இதையேன் பாத்துட்டு இருக்கறீங்க?" என்றேன்.

ஊர் கூடியது. நம்புகிறவர்கள் பாதி, சிரிக்கிறவர்கள் பாதி. பஞ்சாயத்துத் தலைவர் சின்னமுத்து எதையும் சோதித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார், தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஏறிப் பார்த்து உள்ளே விழுந்தவர். அவர் மயிலாத்தாளிடம் போய், "ஒரு நிமிசம் நிறுத்துங்க்கா, பாத்துரலாம்" என்றார். அவள் நிறுத்தினாள். அங்கே எண்பத்தெட்டு ரன்னில் நின்று கொண்டிருந்த நம்ம கேப்டன், யாரும் கேட்காமலேயே மட்டையால் தன் ஸ்டம்பைத் தானே தட்டிவிட்டு, தட்டியது யார் என்று சுற்றும் முற்றும் பார்த்தான். நிரூபணம் ஆகிவிட்டது, நாட்டுக்குக் கேப்டன் போய்விட்டான். சின்னமுத்துவை அடிக்கப் போனவர்களைப் பிடித்து நிறுத்தவே எனக்கு ஒரு தட்டு பப்ஸ் செலவானது.

அன்றிலிருந்து ஊர் மயிலாத்தாளின் கல்லைச் சுற்றி வாழத் தொடங்கியது. அங்கே லஞ்ச் என்றால் கல்லுக்கும் லஞ்ச், டீ என்றால் கல்லுக்கும் டீ, மற்ற நேரமெல்லாம் நிற்காமல் ஓடியது. ஓடுகிற கல்லிலேயே ஒரு பக்கம் அரிசியைப் போட்டு மறுபக்கம் மாவை வழிக்க மயிலாத்தாள் பழகிக்கொண்டாள். ஊறவைக்க அரிசியும் உளுந்தும் வீடு வீடாக வந்தன, பிறகு பக்கத்து ஊர்களிலிருந்து டெம்போவில் வந்தன, பிறகு போனில் பரவிய கல் வீடியோவைப் பார்த்து யாரென்றே தெரியாதவர்கள் லாரியில் அனுப்பினார்கள். நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அரிசியும் உளுந்தும் போய்ப் போய் மாவாக வந்தன, வந்த மாவு குண்டானில் நிறைந்து, அண்டாவில் நிறைந்து, கல்யாண மண்டபத்துச் சாம்பார் டிரம்மில் நிறைந்து, கடைசியில் சின்னமுத்து வீட்டு மாட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி அதிலும் நிறைந்து, ராத்திரி புளித்துப் பொங்கி, காலையில் வாசல் தெளிக்க வந்த பெண்களின் கோலத்தை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. பல்லடத்துப் பஸ் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வரும்போதே புளித்த வாசனை வந்து கண்டக்டரை எழுப்பும், அவரும் "மாவு ஸ்டாப்பெல்லாம் எறங்குங்கோ" என்று கத்துவார். மூன்று வேளையும் இட்லி, இடைவேளைக்குத் தோசை, நாய்களுக்குப் பணியாரம். எங்கள் ஊர் நாய்கள் பன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன, அது எனக்கு ஆறாத ரணம்.

இரண்டாவது டெஸ்ட்டில் நம்ம டீம் அறுநூற்று எண்பது ரன் அடித்து ஒரே விக்கெட்டோடு டிக்ளேர் செய்தது. அந்த ஒரு விக்கெட் ரன் அவுட். கல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எப்படி விழுந்தது என்று ஊர் கூடி ஆராய்ந்ததில், அதே நிமிடம் வடக்கு வீதியில் ஒரு வீட்டில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி போட்டார்கள் என்று தெரிந்தது. "கல்லு ஒரு பக்கமாச் சுத்துது, மிக்ஸி அதுக்கு எதிராச் சுத்துதுங்" என்று குமரகுரு விளக்கினார். மிக்ஸிக்கு ஊர்த்தடை விழுந்தது. சட்னி கிடையாது, பொடியும் எண்ணெயும்தான். எந்த வீட்டிலாவது தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டால் இரண்டு பேர் போய் வாசலில் நின்றார்கள். பொடி தொட்டுத் தொட்டு நாக்கு மரத்துப்போனாலும் அந்த டெஸ்ட்டை ஜெயித்தோம், அங்கே போய் ஜெயித்தோம், அன்றைக்கு ஊரே மாவில் உருண்டது என்று சொன்னால் அதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் டெஸ்ட் மழையில் டிரா, இரண்டாவது நமக்கு. மூன்றாவதை டிரா செய்தாலே தொடர் நம்முடையது. அப்போதுதான் கிரைண்டர் மோட்டாரின் காயில் கம்பி கருகியது.

முதல் நாள் காலை, விக்கெட் இல்லாமல் நாற்பத்தொன்று என்று இருந்தபோது கருகல் வாசனை வந்தது. மோட்டார் ரீவைண்டிங் தண்டபாணி கையில் இருந்த டீயைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் மோட்டாரைக் கழற்றி வெளியே எடுப்பதற்குள் அங்கே எல்லோரும் அவுட், மொத்தம் அறுபத்துமூன்று. நடுவில் வீட்டுக் கிரைண்டர்களைப் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் பலிக்கவில்லை. தண்டபாணி இரண்டு நாள் கண் மூடாமல் கம்பி சுற்றினார். அந்த இரண்டு நாளும் எதிராளிகள் நிதானமாக ஐந்நூற்று எண்பது ரன் அடித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் மோட்டார் திரும்ப வந்தது, பழைய சுவிட்சும் கருகிப்போயிருந்ததால் அதற்குப் பதில் காலிங்பெல் மாதிரி ஒரு பச்சைப் பட்டனும் வந்தது. ஒரு தட்டுத் தட்டினால் கல் ஓடும், இன்னொரு தட்டுத் தட்டினால் நிற்கும். மயிலாத்தாள் தட்டினாள், நம்ம ஆட்கள் பின்தங்கிய ஐந்நூறைச் சுமந்துகொண்டு மறுபடி ஆட வந்தார்கள், அன்று ஆட்டம் முடிகிற வரை ஒருவனும் அசையவில்லை.

நாலாம் நாள் ஒரு அணில் டிரான்ஸ்பார்மரில் ஏறியது. அணில் போய்ச் சேர்ந்தது, கரண்டும் போனது. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் இருந்தது, அதன் சாவி திருப்பூருக்குப் போயிருந்தது. பூட்டை உடைத்து அதைத் தள்ளிக்கொண்டு வர நாற்பது நிமிடம், அந்த நாற்பது நிமிடத்தில் ஒன்பது விக்கெட். வருகிறவனும் போகிறவனும் வழியில் மோதிக்கொண்டார்கள். கல் திரும்ப ஓடியபோது மிச்சம் இருந்தது இன்பராஜும், மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று நடுவரிடம் கேட்கக்கூடிய கடைசி ஆளும் மட்டும்தான்.

அதற்குப் பிறகு நடந்தது கிரிக்கெட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்ச் கையில் விழுந்து வழுக்கிக்கொண்டு போனது. நடுவர் விரலைத் தூக்கப் போனார், தும்மல் வந்தது, தும்மி முடித்ததும் ஏன் தூக்கினோம் என்பது மறந்துபோய் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். ஒரு பந்து இன்பராஜின் மட்டையைத் தாண்டி நடு ஸ்டம்பிலேயே அடித்தது, ஸ்டம்ப் ஆடியது, பெயில் மட்டும் இட்லித் தட்டில் ஒட்டிய மாவு மாதிரி அங்கேயே இருந்தது. போட்டவன் பெரிய ஆள், ஆறரை அடி, நடுமைதானத்தில் உட்கார்ந்து அழுதான். நாங்கள் விசிலடித்தோம். இன்பராஜ் போய் அவன் தோளில் கை வைத்ததை டிவியில் காட்டினார்கள், அதற்கும் விசிலடித்தோம்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் கண்ணேறு பட்டுத்தான் அணில் ஏறியது என்று முடிவாயிற்று. கிரைண்டரைச் சுற்றி நாலு பக்கமும் சிவப்புப் பட்டுத்துணித் திரை கட்டினார்கள், பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள், கல்லுக்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தார்கள், இனி மயிலாத்தாளைத் தவிர ஒருத்தரும் திரைக்குள் போகக்கூடாது என்றார்கள். துணைக்கு இருக்கட்டும் என்று மறுநாள் ஊரில் உள்ள நூற்றுச்சொச்சம் கிரைண்டரையும் போட வேண்டும் என்றார்கள். எல்லோரும் மிசினைக் கும்பிட்டார்கள், மிசினோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போட்டோவில் குறுக்கே வந்த மயிலாத்தாளை "சித்தே அக்கட்ட நில்லுங்க்கா" என்றார்கள். அவளை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு என் பன்னைப் பற்றிய கவலை.

மயிலாத்தாளுக்கு இது புதிதில்லை. தாராபுரம் பக்கத்திலிருந்து பதினாலு வருஷத்துக்கு முன்னால் தனியாளாக வந்து கடை போட்டபோதே, "மிசினு மாவுதானே, இதுல உங்க கைவேலை என்ன இருக்குது?" என்று கேட்ட ஊர் இது. கல் அரைப்பதோடு வேலை முடிவதில்லை. அரிசி மாவையும் உளுந்து மாவையும் உப்புப் போட்டுக் கையை விட்டுக் கரைத்து வைத்தால்தான் அது புளித்துப் பொங்கும். கரண்டியால் கலக்கினால் பொங்காது, எல்லார் கைக்கும் பொங்காது. பதினாலு வருஷமாக எங்கள் இட்லி பூவாக வந்ததற்கு அந்த வலது கைதான் காரணம், அதை நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் மூன்று மணி வாக்கில், ஊர் இட்லி மயக்கத்தில் உறங்கும்போது, திரைக்குள் கல்லைக் கழுவிக்கொண்டிருந்த அவளுக்கு ஒரு போன் வந்தது. இதை அவளே எனக்குப் பிற்பாடு சொன்னாள்.

"அக்கா, வணக்கம். நான் இன்பராஜ் பேசுதேன்."

"எந்த இன்பராசுங்? ரேசன் கடைத் தம்பீங்ளா?"

"இல்லக்கா. பேட்டிங்."

"அட என்ற சாமீ, டிவில இருக்கற தம்பீங்ளா! சாப்டீங்ளாங்?"

அவன் அதை இன்னொரு தடவை கேட்கச் சொன்னான். அந்தக் கேள்வியை அவனிடமும் யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருக்கும்போல.

"சாப்பிட்டேன்க்கா. உங்க கடை வீடியோவ எங்க டிரெஸ்ஸிங் ரூம்ல எல்லாருக்கும் காட்டுனாவ. போர்டுல இருந்த நம்பரப் பாத்து எடுத்தேன். முதல்ல சிரிச்சேன். பொறவு கணக்குப் போட்டுப் பாத்தா எல்லாம் சரியா வருது. இன்னைக்கு அந்தப் பய அழுதான்லா, எனக்கு மூஞ்ச எங்க வைக்கன்னு தெரியல."

"நாப்பது நிமிசம் கரண்டு இல்லீங்களே தம்பி. அப்பவும் நீங்க நின்னீங்கல்ல?"

"ரெண்டே பந்துக்கா எனக்கு வந்துச்சு. மத்த நேரம் எதிர்ப்பக்கம் நின்னு வேடிக்கை பாத்தேன். அது ஆடுனதுல சேத்தியில்ல. எட்டு வருசமா உள்ள வெளிய, உள்ள வெளிய. எனக்கு ஆட வருமா வராதான்னு எனக்கே தெரியாமப் போச்சு. நாளைக்குக் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் கல்ல நிப்பாட்டுதியளாக்கா?"

"அவுட்டாயிட்டீங்கன்னா?"

"ஆனா ஆயிட்டுப் போறேன். அது என் அவுட்டுல்லா."

"தொடர் போயிருமே தம்பி. ஊர்ல என்னைய உப்புக்கண்டம் போட்டுருவாங்க."

"ஆமாக்கா," என்றான். "அதான் கேக்கதுக்கும் வெக்கமா இருக்கு."

அவள் செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு வெகுநேரம் ஈரக் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம்.

ஐந்தாம் நாள் விடிந்தது. என் டிவியைத் தூக்கி ரோட்டோரப் பந்தலில் வைத்தார்கள், நாதஸ்வரம் தவில் வந்தது, ஆயிரம்வாலாச் சரம் பத்து வந்தது, சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரம் பேர் வந்து தட்டோடு உட்கார்ந்தார்கள். ஊர்க் கிரைண்டர்கள் எல்லாம் சேர்ந்து ஓடியதில் தரை அதிர்ந்தது, தூங்குகிற குழந்தைகள் அந்த அதிர்வில் சிரித்தன. திரைக்குள் மயிலாத்தாள் பச்சைப் பட்டனைத் தட்டினாள். அங்கே இன்பராஜும் கடைசி ஆளும் நின்றார்கள், லஞ்ச் வரை நின்றார்கள், டீ வரை நின்றார்கள். இன்னும் நூற்றைம்பது ரன் பின்னால் இருந்தோம், ஒரே ஒரு விக்கெட் போனால் எல்லாம் போச்சு. எங்களுக்கோ ஒரு கவலையும் இல்லை, கல்தான் ஓடுகிறதே.

பதினொன்றரைக்குக் கடைசி ஒரு மணி நேரம் என்று டிவியில் சொன்னார்கள். பதினைந்து ஓவர்.

மயிலாத்தாள் திரைக்குள் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருத்தன் தன் கையால் ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்கிறான், தோற்றாலும் அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்கிறான். அது எப்படிப்பட்ட பசி என்று அந்த ஊரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பட்டனைத் தட்டினாள். கல் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. ஊரெல்லாம் கிரைண்டர் இரைந்துகொண்டிருந்ததால் அது நின்றது ஒருத்தர் காதிலும் விழவில்லை.

பிறகு திரை விலகாமல் ஒரு ஓரத்தை ஒரு விரல் அகலம் மட்டும் தூக்கி டிவியைப் பார்த்தாள். அதுவரை அவள் ஒரு பந்துகூடப் பார்த்தவள் இல்லை.

முதல் பந்து இன்பராஜின் மட்டையைத் தடவுகிற மாதிரி போனது. "போடுறா போடு, நல்லாப் போடு" என்று எங்கள் கூட்டம் சிரித்தது. இரண்டாவது பந்து அவன் விலாவில் அடித்தது, அவன் மண்டியிட்டான், எழுந்தான். அடுத்த ஓவரில் ஒரு பந்து விளிம்பில் பட்டு மூன்றாவது ஸ்லிப்பின் விரலுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. சின்னமுத்து கொட்டாவி விட்டார். குமரகுரு தொடையில் தாளம் போட்டார். நான் வந்திருந்த ஆயிரம் பேரில் ஒருத்தனாவது பப்ஸ் வாங்குவானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் மயிலாத்தாள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி, கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று கல்லில் இருந்த மாவையெல்லாம் வழித்து, கல்லைத் தேய்த்து, மறுபடி தேய்த்து, பளிங்காகக் கழுவி வைத்தாள். அன்றைக்கு எங்கள் ஊரில் கிரிக்கெட் பார்த்தது அவள் ஒருத்திதான்.

ஒவ்வொரு ஓவரின் கடைசிப் பந்திலும் இன்பராஜ் ஒரு ரன் ஓடி, கடைசி ஆளை மறைத்துக்கொண்டு தானே எதிர்முனைக்குப் போனான். கடைசி ஓவரை அழுதவனே போட வந்தான். ஐந்து பந்துகளை இன்பராஜ் தடுத்தான். ஆறாவது பந்து உள்ளே வளைந்து வந்தது, அவன் முன்காலை நீட்டிக் குனிந்து மட்டை நடுவில் வாங்கினான், பந்து அவன் காலடியிலேயே செத்து விழுந்தது. அழுதவன் வந்து அவனைக் கட்டிப்பிடித்தான். இன்பராஜ் பந்தைக் குனிந்து எடுத்து, அதைப் பார்த்து, குழந்தை மாதிரி சிரித்தான். எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்க வேண்டிய அவசியமும் இல்லை, தொடர் நம்முடையது! சரம் வெடித்தது, தவிலைக் கிழிகிற மாதிரி அடித்தார்கள், தண்டபாணி மாட்டுத் தொட்டி மாவில் குதித்து வெள்ளைச் சிலையாக எழுந்து நின்றார், பஸ்ஸை நிறுத்தி டிரைவருக்கு இட்லி ஊட்டினார்கள். சின்னமுத்து புது வேட்டி கட்டிக்கொண்டு தேங்காயும் சூடமும் மாலையுமாகத் திரைக்கு முன்னால் வந்தார்.

"நாட்டுக்காக ஓடுன கல்லு. இதைய நம்ம கையாலதான் நிறுத்தோணும்" என்றார். ஒரே ஆரவாரம். திரையை விலக்கினார், சூடம் காட்டினார், சூடப் புகையில் கல்லே தெரியவில்லை, மாலையைப் போட்டார், கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் பச்சைப் பட்டனைத் தட்டினார்.

கல் ஓடத் தொடங்கியது.

தவில் நின்றது. ஒரு வீட்டுக் கிரைண்டர் நின்றது, பிறகு அடுத்தது, பிறகு எல்லாம். ஆயிரம் பேரும் அந்தக் கல் சுற்றுவதையே பார்த்தோம். மயிலாத்தாள் முன்னால் வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கல்லில் ஊற்றினாள்.

"வெறுங்கல்லு ஓடக்கூடாதுங், தேஞ்சு போயிரும்" என்று சொல்லிப் பட்டனைத் தட்டி நிறுத்தினாள்.

குமரகுருவுக்குத்தான் முதலில் வாய் வந்தது. "எப்பத்துலருந்துங்க்கா ஓடல?"

"கடைசி ஒரு மணி நேரமுங். அந்தத் தம்பி தன்னால ஆடிப் பாக்கோணும்னு கேட்டுச்சு. ஆடீருச்சு."

எங்களுக்கு அப்போதுதான் பயம் வந்தது, முடிந்துபோன ஆட்டத்துக்கு. சின்னமுத்து மாவுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கொட்டாவி விட்டோமே, சிரித்தோமே, அந்த மூன்றாவது ஸ்லிப் ஒரு சாண் முன்னால் நின்றிருந்தால்! ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துக்கொண்டோம். மயிலாத்தாளைத் திட்டவேண்டும் என்று வந்தவர்களும் பக்கத்தில் நின்றவன் கையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். டிவியில் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை மறுபடி போட்டார்கள், ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை, ஆயிரம் பேரும் திரும்ப உட்கார்ந்தோம்.

முதல் பந்து மட்டையைத் தடவிக்கொண்டு போனது. ஊரே ஐயோ என்றது. விலாவில் பட்டபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஸ்லிப்புக்கு முன்னால் பந்து விழுந்தபோது குமரகுரு என் கையைப் பிடித்து நசுக்கினார், முடிவு தெரிந்திருந்தும் நான் அவர் கையை விடவில்லை. அடப்பாவி, இன்பராஜ், என்னமா ஆடியிருக்கிறாய்! உன்னையா அட்டெண்டன்ஸ் என்றோம்? எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்கவில்லை.

நான் எழுந்துபோய் மயிலாத்தாளுக்கு ஒரு தட்டில் இரண்டு தேங்காய் பன் வைத்து நீட்டினேன். "சாப்டீங்ளாக்கா?" என்று கேட்டேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவை.

"இன்னும் இல்லீங்" என்று வாங்கிக்கொண்டாள். ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே உள்ளே போய், பூஜைக்கு உடைத்த தேங்காயைத் துருவினாள். டிவியில் கடைசி ஓவர், ஐந்து பந்து முடிந்து அழுதவன் ஆறாவதுக்கு ஓடி வந்துகொண்டிருந்தான். பின்னாலிருந்து சட்னிக்கு மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.